பேட்டரியில் 12.6 வோல்ட் இருக்கிறது, செல்ஃப் ஏன் எடுக்கவில்லை?

சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரே ஒரு சத்தம். எஞ்சினைச் சுற்றிவிடும் செல்ஃப் மோட்டார் அதற்கு மேல் அசையாது. மீட்டர் வைத்துப் பார்த்தால் பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். 'பேட்டரி நல்லாத்தான் இருக்கு, செல்ஃப் மோட்டார்தான் போச்சு' என்று அதைக் கழற்றி ரீவைண்டிங் கடைக்குக் கொண்டுபோனால், அங்கே மேசையில் வைத்து இணைப்பு கொடுத்ததும் ஜம்மென்று சுற்றும். திரும்ப வண்டியில் மாட்டினால் மறுபடி அதே 'டக்'. பழைய டீசல் பிக்கப் வைத்திருப்பவர்களில் பலர் இந்த இடத்தில்தான் புது பேட்டரி, புது செல்ஃப், புது சாவி ஸ்விட்ச் என்று வரிசையாகக் காசைக் கொட்டுகிறார்கள்.

பெரும்பாலும் கெட்டுப்போனது இந்த மூன்றும் அல்ல. பேட்டரிக்கும் செல்ஃபுக்கும் நடுவில் ஏதோ ஒரு இணைப்பில் வோல்டேஜ் விழுந்துவிடுகிறது. இதற்கு வோல்டேஜ் டிராப் என்று பெயர். சில நூறு ரூபாய் மல்டிமீட்டரும் கூட ஓர் ஆளும் இருந்தால் யார் வேண்டுமானாலும் இதைப் பிடித்துவிடலாம். இங்கே சொல்வதெல்லாம் காமன் ரயில் (கம்ப்யூட்டர் மூலம் இயங்கும் உயர் அழுத்த டீசல் முறை) வருவதற்கு முந்தைய டாடா 207, பொலேரோ பிக்கப் போன்ற வண்டிகளுக்கு: 12 வோல்ட் பேட்டரி, மெக்கானிக்கல் டீசல் பம்ப், கம்ப்யூட்டர் கிடையாது.

வோல்ட் இருப்பது வேறு, கரண்ட் போவது வேறு

மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் குழாயில் பாதிக்கு மேல் உப்பு அடைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே பைப்பை மூடி வைத்து அழுத்தம் அளந்தால் முழு அழுத்தமும் காட்டும். தண்ணீர் ஓடவே இல்லையே, அடைப்பு எப்படித் தெரியும்? பைப்பைத் திறந்துவிட்டால்தான் நூல் மாதிரி ஒழுகும்.

மல்டிமீட்டர் மூடிய பைப் மாதிரி. அது சர்க்யூட்டிலிருந்து எடுக்கும் கரண்ட் ஒரு மைக்ரோ ஆம்பியர் அளவுதான். தடிமனான கேபிளில் ஒரே ஒரு கம்பி இழை மட்டும் அறுபடாமல் இருந்தாலும் அந்தப் பக்கம் 12.6 வோல்ட் காட்டிவிடும். செல்ஃப் மோட்டார் கேட்பதோ, இரண்டரை லிட்டர் டீசல் எஞ்சினைச் சுற்ற ஏறக்குறைய 250 ஆம்பியர்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பேட்டரி கிளாம்பில் பூஞ்சணம் பிடித்து 0.01 ஓம் தடை உண்டாகியிருக்கிறது. ஒரு ஓமில் நூறில் ஒரு பங்கு. சாதாரண மீட்டரின் ஓம் அளவில் இது தெரியவே தெரியாது, பூஜ்யம் என்றே காட்டும். ஆனால் 250 ஆம்பியர் போகும்போது 250 × 0.01 = 2.5 வோல்ட் அந்த இணைப்பிலேயே தொலைந்துபோகிறது. 2.5 × 250 = 625 வாட் அங்கே சூடாக மாறுகிறது; ஒரு சின்ன இஸ்திரிப் பெட்டி அளவு. சில நொடி செல்ஃப் அடித்துவிட்டு ஒவ்வொரு இணைப்பையும் கையால் தொட்டுப் பார்ப்பது பழைய மெக்கானிக்குகளின் வழக்கம். எது சுடுகிறதோ அதுதான் குற்றவாளி. மீட்டர் இல்லாதபோது இதைவிட நல்ல சோதனை கிடையாது. விரலை அழுத்தி வைக்காமல் லேசாகத் தொடுங்கள்.

இதே இணைப்பு வழியாக ஹெட்லைட் எரியும்போது? 55 வாட் பல்பு இரண்டுக்கும் சேர்த்து ஏறக்குறைய 9 ஆம்பியர். 9 × 0.01 = 0.09 வோல்ட். கண்ணுக்கே தெரியாது. ஆகவே 'லைட் பளிச்சுனு எரியுது, அதனால டெர்மினல் சரியா இருக்கு' என்ற பேச்சில் அர்த்தம் இல்லை. செல்ஃப் சுற்றும் நேரத்தில் அளந்தால்தான் உண்மை தெரியும். இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் வேலைதான்.

மீட்டர் எடுப்பதற்கு முன்

ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு, வண்டியின் முன்னால் ஒருவர் சற்று ஒதுங்கி நின்று வெளிச்சத்தைப் பார்க்க, இன்னொருவர் சாவியைத் திருப்பட்டும்.

வெளிச்சம் சற்றும் குறையாமல், சத்தமும் வராமல் இருந்தால் செல்ஃபுக்குப் பெரிய கரண்ட் போகவே இல்லை. சாவி ஸ்விட்ச், ரிலே, சொலினாய்டுக்குப் (செல்ஃபுக்குப் பெரிய கரண்டைத் திறந்துவிடும் காந்த ஸ்விட்ச்) போகும் சின்ன ஒயர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். வெளிச்சம் குறையாமல் 'டக்' மட்டும் வந்தால், சொலினாய்டு இழுக்கிறது, உள்ளே இருக்கும் செம்பு கான்டாக்ட் தீய்ந்துவிட்டது அல்லது பிரஷ் (சுற்றும் பாகத்துக்குக் கரண்ட் கொடுக்கும் கரித்துண்டு) தேய்ந்துவிட்டது. செல்ஃப் உடம்பில் மரக்கட்டையால் லேசாகத் தட்டியதும் எடுத்தால் பெரும்பாலும் பிரஷ்தான். அன்றைக்கு வீடு போய்ச் சேரலாம், நாளைக்கு மாற்ற வேண்டும்.

வெளிச்சம் ஒரேயடியாக அணைந்துபோனால் பேட்டரி கிளாம்பு அல்லது எர்த் (கரண்ட் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் வழி) சரியில்லை. 'டக டக டக' என்று மெஷின் கன் மாதிரி அடித்தால் வோல்டேஜ் போதவில்லை. ஏன் அப்படி அடிக்கிறது என்று புரிந்துகொள்வது நல்லது. சொலினாய்டு இழுத்து கான்டாக்ட் சேர்கிறது. உடனே மோட்டார் பெரிய கரண்டை உறிஞ்ச, வோல்டேஜ் சரிந்துவிடுகிறது. சரிந்ததும் சொலினாய்டால் பிடித்து வைத்திருக்க முடியாமல் விட்டுவிடுகிறது. விட்டதும் வோல்டேஜ் திரும்ப ஏறுகிறது, மறுபடி இழுக்கிறது. நொடிக்குப் பலமுறை இதே கதை நடப்பதுதான் அந்தச் சத்தம். இந்தச் சத்தம் கேட்டு செல்ஃபைக் கழற்றினால் வீண் வேலை. பேட்டரியையும் இணைப்புகளையும் பார்த்த பிறகுதான் அதன் முறை.

பேட்டரியை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள்

வண்டி சில மணி நேரம் நின்ற பிறகு, எல்லாம் அணைத்த நிலையில், கிளாம்பில் அல்ல, ஈயக் கம்பத்திலேயே மீட்டர் முனையை வைத்து அளக்க வேண்டும். 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால். 11.8 என்றால் காலி. சார்ஜ் போட்டு இறக்கியவுடன் 13 காட்டினால் ஏமாற வேண்டாம். ஹெட்லைட்டை இரண்டு நிமிடம் எரியவிட்டு அணைத்து, மறுபடி அளந்தால் சரியான எண் வரும்.

10.5 வோல்ட் பக்கத்தில் நின்றுகொண்டு, சார்ஜ் போட்டும் ஏறவில்லை என்றால் ஆறு செல்லில் ஒன்று செத்துவிட்டது. மூடி திறக்கும் பேட்டரியாக இருந்தால் ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரில் ஆறு செல்லையும் பாருங்கள். எல்லாமே ஒன்றாகக் குறைந்திருந்தால் சார்ஜ் இல்லை. ஒன்று மட்டும் மற்றவற்றைவிட 0.050 குறைந்திருந்தால் அந்த செல்லோடு பேட்டரி முடிந்தது. குறையும் தண்ணீருக்கு டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான், ஆசிட் ஊற்றக் கூடாது. பீடி, சிகரெட் பக்கத்தில் வேண்டாம். சார்ஜ் ஆகும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வருகிறது.

செல்ஃப் அடிக்கும்போது அளப்பது

நியூட்ரல், ஹேண்ட் பிரேக், சக்கரத்துக்குக் கல். எஞ்சின் ஸ்டார்ட் ஆகாமல் சுற்ற மட்டும் வேண்டும். பம்பில் டீசலை நிறுத்தும் ஸ்டாப் சொலினாய்டு இருந்தால் அதன் ஒயரைக் கழற்றி இன்சுலேஷன் டேப் சுற்றி ஒதுக்கிவையுங்கள். இழுத்து அணைக்கும் கேபிள் உள்ள வண்டியில் கேபிளை இழுத்துப் பிடித்தால் போதும். தொடர்ந்து 10 நொடிக்கு மேல் செல்ஃப் அடிக்காதீர்கள். அடித்தால் ஒரு நிமிடம் ஆறவிடுங்கள். மீட்டர் 20 வோல்ட் டிசியில் இருக்கட்டும். ஃபேன், பெல்ட் பக்கம் ஒயரும் சட்டையும் தொங்கக் கூடாது.

முதல் அளவு பேட்டரியின் இரண்டு கம்பங்களுக்கு நடுவே. செல்ஃப் சுற்றும்போது 10 வோல்ட்டுக்கு மேல் நின்றால் பேட்டரி பரவாயில்லை. 9.6-க்குக் கீழே இறங்கினால் பேட்டரி பலவீனம், அல்லது செல்ஃப் உள்ளே உரசி அதிகக் கரண்ட் இழுக்கிறது. நன்றாக ஓடும் இன்னொரு வண்டியின் பேட்டரியைத் தடித்த ஜம்பர் கேபிளில் கொடுத்துப் பார்த்தால் இரண்டில் எது என்று தெரிந்துவிடும்.

அடுத்தது பாசிட்டிவ் பக்கம். இங்கேதான் புதியவர்கள் குழம்புவார்கள், ஏனென்றால் மீட்டரின் இரண்டு முனைகளும் ஒரே கேபிளின் இரண்டு நுனியில் வைக்கப்படும். சிவப்பு முனை பேட்டரி பாசிட்டிவ் கம்பத்தில், கறுப்பு முனை செல்ஃபில் பேட்டரி கேபிள் வந்து சேரும் பெரிய போல்ட்டில். செல்ஃப் அடிக்கும்போது மீட்டர் காட்டுவது அந்தக் கேபிளில் தொலையும் வோல்டேஜ். 0.5-க்குள் இருக்க வேண்டும். கூடுதலாக இருந்தால் கறுப்பு முனையை ஒவ்வோர் இணைப்பாகப் பின்னோக்கி நகர்த்துங்கள். எந்த இடத்தைத் தாண்டியதும் எண் சடாரென்று குறைகிறதோ, பழுது அங்கே. ஒரு தனி இணைப்பில் 0.1 வோல்ட்டுக்கு மேல் தொலையக் கூடாது. ஈயக் கம்பத்துக்கும் அதைக் கவ்வும் கிளாம்புக்கும் நடுவே கிட்டத்தட்ட பூஜ்யம்தான் வர வேண்டும்.

பிறகு எர்த். ஒரு முனை பேட்டரி நெகட்டிவ் கம்பத்தில், இன்னொரு முனை செல்ஃபின் உடம்பில், பெயின்ட் இல்லாத சுத்தமான இரும்பில். 0.3-க்குள் வர வேண்டும்.

கடைசியாக சொலினாய்டின் இரண்டு பெரிய போல்ட்டுகளுக்கு நடுவே. சாவி திருப்பும் முன் இங்கே 12 வோல்ட் காட்டும், அது சரி. செல்ஃப் அடித்ததும் 0.3-க்குள் விழ வேண்டும். 'டக்' என்று சத்தம் வந்தும் 12-லேயே நின்றால் உள்ளே கான்டாக்ட் சேரவில்லை.

இப்போது எண்களைக் கூட்டிப் பாருங்கள். பேட்டரி கம்பத்தில் 10.8. பாசிட்டிவில் 0.4 போனது, எர்த்தில் 1.9 போனது, கான்டாக்டில் 0.2 போனது. மோட்டாருக்குக் கிடைத்தது வெறும் 8.3. மோட்டார் சோம்பலாகச் சுற்றுவதற்கு அது என்ன செய்யும்? எர்த்தைச் சரிசெய்தால் கிட்டத்தட்ட 10 வோல்ட் கிடைக்கும்.

இங்கே ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. கரண்ட் போகாதபோது டிராப்பும் இருக்காது. செல்ஃப் சுற்றவே இல்லாத நேரத்தில் கேபிளில் 0.0 வந்தால் கேபிள் நல்லது என்று அர்த்தமில்லை. வேறு எங்கோ பாதை அறுந்திருக்கிறது, அவ்வளவே. அறுந்த இடத்தில் முனைகளை வைத்தால் முழு 12 வோல்ட்டும் அங்கே நிற்கும்.

எர்த் என்கிற பாதி சர்க்யூட்

எஞ்சின் ரப்பர் மவுன்ட்டிங் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பரில் கரண்ட் போகாது. அதனால் எஞ்சினையும் சேசிஸையும் இணைக்க ஒரு பின்னல் பட்டை அல்லது தடித்த கேபிள் இருக்கும். கிளட்ச் வேலைக்கோ கியர்பாக்ஸ் வேலைக்கோ இறக்கி ஏற்றியவர்கள் இதைத் திரும்ப மாட்ட மறப்பது அடிக்கடி நடக்கும். மாட்டினாலும் பெயின்ட் மேலேயே முறுக்கியிருப்பார்கள்.

எர்த் அறுந்தால் 250 ஆம்பியரும் வேறு வழி தேடும். ஆக்சிலரேட்டர் கேபிள், கியர் லிங்கேஜ், ஸ்பீடோமீட்டர் கேபிள் என்று எஞ்சினையும் பாடியையும் தொடும் எந்த இரும்பு வழியாகவும் போகப் பார்க்கும். செல்ஃப் அடிக்கும்போது ஆக்சிலரேட்டர் கேபிள் சூடாவதும், அதன் உறை உருகிப் பிடித்துக்கொள்வதும் இதனால்தான். கேபிளை மாற்றி மாற்றிப் பயனில்லை.

சோதனை சுலபம். ஜம்பர் கேபிளின் ஒரு நுனியைப் பேட்டரி நெகட்டிவில், மறு நுனியை எஞ்சின் பிளாக்கில் கவ்வவிட்டு செல்ஃப் அடியுங்கள். சட்டென்று வேகமாகச் சுற்றினால் தீர்ப்பு வந்துவிட்டது.

பின்பக்க லைட் கோளாறுகளிலும் பத்தில் பாதி எர்த்தான். தொட்டியில் மாட்டுச் சாணம், உப்பு, மீன் தண்ணீர், ஈர மணல் ஏற்றும் வண்டிகளில் டெயில் லைட் எர்த் முதலில் அரித்துப்போகும். அடையாளம் விசித்திரமாக இருக்கும்: பிரேக் மிதித்தால் இன்டிகேட்டர் மங்கலாக எரியும், இன்டிகேட்டர் போட்டால் டெயில் லைட்டும் சேர்ந்து கண்சிமிட்டும். தன் எர்த் கிடைக்காத கரண்ட், பக்கத்துப் பல்பின் இழை வழியாகத் திரும்பப் போகிறது. லைட்டின் எர்த்துக்கு பேட்டரி நெகட்டிவிலிருந்து தனி ஒயர் இழுத்துப் பார்த்தால் நொடியில் தெரியும். ஹெட்லைட் போட்டதும் டெம்பரேச்சர் முள் எகிறினால் எஞ்சின் சூடாகவில்லை, டேஷ்போர்டு எர்த் தளர்ந்திருக்கிறது.

சுத்தம் செய்யும் விதம்

நெகட்டிவை முதலில் கழற்றி, கடைசியில் மாட்டுங்கள். பாசிட்டிவை முதலில் கழற்றும்போது ஸ்பேனர் பாடியில் பட்டால் நேரடி ஷார்ட், ஸ்பேனரே ஒட்டிக்கொள்ளும். கையில் மோதிரம், காப்பு வேண்டாம்.

வெள்ளையும் பச்சையுமான பூஞ்சணத்தை சுடுதண்ணீரில் சமையல் சோடா கரைத்து ஊற்றிக் கழுவலாம். கரைசல் செல்லுக்குள் இறங்காமல் மூடிகள் இறுகியிருக்கட்டும். கம்பத்தையும் கிளாம்பின் உள்பக்கத்தையும் உப்புத்தாளில் ஈயம் மினுங்கும்வரை தேய்த்து இறுக்குங்கள். வாசலின் அல்லது கிரீஸ் இறுக்கிய பிறகு மேலே தடவத்தான், நடுவில் வைக்க அல்ல. கிளாம்பு தளர்வாக இருந்தால் ஆணி, தகடு செருகுவது வேண்டாம், புது கிளாம்பு வாங்குங்கள். எர்த் போல்ட்டில் பெயின்டைச் சுரண்டி, பல் வைத்த வாஷர் போட்டு இறுக்கி, அதன்பின் மேலே பெயின்ட் அடிக்கலாம்.

கேபிள் லக் (நுனியில் உள்ள உலோக வளையம்) பக்கத்தில் உறையை வளைத்துப் பாருங்கள். உள்ளே செம்பு கறுத்தோ பச்சைப் பொடியாகவோ இருந்தால் கேபிளே போய்விட்டது. டீசல் செல்ஃபுக்கு 35 சதுர மி.மீ. செம்புக்குக் குறைய வேண்டாம். அந்தத் தடிமனில் ஒன்றரை மீட்டர் கேபிளில் 250 ஆம்பியருக்கு 0.2 வோல்ட்தான் தொலையும். 16 சதுர மி.மீ. என்றால் 0.4-ஐத் தொடும், இணைப்புகளின் நஷ்டம் தனி.

சார்ஜ் ஆகிறதா, நின்ற இடத்தில் வடிகிறதா

பேட்டரியை சார்ஜ் செய்யும், பல ஊர்களில் இன்னும் டைனமோ என்று அழைக்கப்படும் ஆல்டர்னேட்டரைச் சோதிக்க, எஞ்சின் ஓடும்போது பேட்டரி கிளாம்பைக் கழற்றிப் பார்க்கும் பழக்கம் ஒன்று உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். பேட்டரி விலகியதும் வோல்டேஜ் எகிறி, அதற்குள் இருக்கும் டயோடும் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரும் தீய்ந்துவிடும். நல்ல ஆல்டர்னேட்டரைக் கெடுத்துவிட்டு 'கெட்டிருக்கு' என்று சொல்லும் சோதனை அது.

எஞ்சினைச் சற்று ஏற்றி, 1500 முதல் 2000 ஆர்பிஎம் வரை வைத்துப் பேட்டரியில் அளந்தால் 13.8 முதல் 14.4 வரை இருக்க வேண்டும். ஹெட்லைட் போட்டாலும் 13.5-க்குக் கீழே இறங்கக் கூடாது. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கெட்டுப் பேட்டரியைக் கொதிக்கவைக்கிறது. ஏறவே இல்லை என்றால் முதலில் பெல்ட். நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் 10 முதல் 15 மி.மீ. அமுங்கலாம், அதற்கு மேல் தளர்வு.

டேஷ்போர்டில் சிவப்பு பேட்டரி விளக்கை யாரும் மதிப்பதில்லை. சாவி போட்டு, எஞ்சின் ஸ்டார்ட் ஆகும் முன் அது எரிய வேண்டும். பல பழைய ஆல்டர்னேட்டர்களில் முதல் காந்தத்தை எழுப்பும் கரண்ட் அந்தப் பல்பு வழியாகத்தான் போகிறது. பல்பு ஃபியூஸ் ஆனால் சார்ஜ் ஆகாது. சில ரூபாய் பல்புக்காக ஆல்டர்னேட்டரை இறக்கி ஏற்றியவர்கள் உண்டு. சாவியை எடுத்த பிறகும் அது மங்கலாக எரிந்தால் டயோடு கசிகிறது.

இரவில் நல்ல பேட்டரி, காலையில் காலி என்றால் வடிகாலைத் தேட வேண்டும். நெகட்டிவ் கிளாம்பைக் கழற்றி, மீட்டரை 10 ஆம்பியர் அளவில் வைத்து, கம்பத்துக்கும் கிளாம்புக்கும் நடுவே இணையுங்கள். எல்லாம் அணைந்திருக்கும்போது 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் போதும். இந்த நிலையில் சாவியைத் திருப்பிவிடாதீர்கள், மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். 1 ஆம்பியர் வடிந்தால் 70 ஆம்பியர்-ஹவர் பேட்டரி 35 மணி நேரத்தில் பாதியாகிவிடும்; ஞாயிறு லீவு விட்டால் திங்கட்கிழமை தள்ள வேண்டியதுதான். ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கியதும் எண் விழுகிறதோ அந்த வழியில் பழுது. எல்லா ஃபியூஸையும் பிடுங்கியும் விழவில்லையா? பேட்டரி கிளாம்பைக் கழற்றிவிட்டு, ஆல்டர்னேட்டரின் பெரிய ஒயரைக் கழற்றி டேப் சுற்றி, மறுபடி அளந்து பாருங்கள். விழுந்தால் ஆல்டர்னேட்டரின் டயோடு கசிகிறது.

ஃபியூஸ் போட்டதும் போட்டதும் போகிறதென்றால் செம்புக் கம்பி சுற்றுவதும், சிகரெட் காகிதம் வைப்பதும் தீ வைப்பதற்குச் சமம். ஃபியூஸ் இடத்தில் 21 வாட் இன்டிகேட்டர் பல்பு ஒன்றை ஒயர் வைத்து இணையுங்கள். ஷார்ட் இருக்கும்வரை பல்பு பளிச்சென்று எரியும், ஒயர் எரியாது, ஏனென்றால் 1.75 ஆம்பியருக்கு மேல் போகப் பல்பு விடாது. ஒயரிங்கைக் கையால் அசைத்துக்கொண்டே போங்கள். பல்பு மங்கும் இடத்தில்தான் உறை உரிந்திருக்கிறது. பெரும்பாலும் தகட்டில் ஓட்டை வழியாக ஒயர் நுழையும் இடம், அல்லது சைலன்சர் பக்கம்.

செல்ஃப் சுற்றுகிறது, ஸ்டார்ட் ஆகவில்லை

டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை அழுத்திச் சூடேற்றி, அந்தச் சூட்டில் டீசல் பற்றுகிறது. மெதுவாகச் சுற்றினால் அழுத்தும் காற்று ரிங் வழியாகக் கசிந்துவிடும், சூடும் சுவருக்குப் போய்விடும். அதனால் எர்த்தில் தொலையும் 2 வோல்ட், கேட்பதற்குச் சம்பந்தமே இல்லாத 'பம்ப் கோளாறு' மாதிரி வேஷம் போடும். பம்பைத் தொடும் முன் செல்ஃப் வேகமாகச் சுற்றுகிறதா என்று பாருங்கள்.

வேகம் இருந்தால் சைலன்சரைப் பாருங்கள். 10 நொடி செல்ஃப் அடித்தும் புகையே இல்லை என்றால், சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசில்வரை டீசல் வரவில்லை. வெள்ளைப் புகை வந்தால் டீசல் வருகிறது, பற்றவில்லை: குளிர், சிலிண்டரைச் சூடேற்றும் ஹீட்டர் பிளக், குறைந்த கம்ப்ரஷன், பம்ப் டைமிங். சமவெளியில் ஓடும் டைரக்ட் இன்ஜெக்‌ஷன் வண்டிகளுக்கு ஹீட்டர் பிளக் பெரிய பிரச்சினை அல்ல. ஊட்டிக் குளிரில் வேண்டுமானால் தேவைப்படும்.

புகை இல்லையென்றால் முதலில் ஸ்டாப் சொலினாய்டு. சாவியை ஆன் செய்ததும் பம்பிலிருந்து 'டிக்' என்று சின்னச் சத்தம் வர வேண்டும். வராவிட்டால் அதன் ஒயரில் அளங்கள். சாவி ஆன் நிலையில் மட்டுமல்ல, செல்ஃப் அடிக்கும் நேரத்திலும். தேய்ந்த சாவி ஸ்விட்சுகள் ஆன் நிலையில் 12 கொடுத்து, ஸ்டார்ட் நிலையில் கைவிடும். பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஃபியூஸ் வைத்த தனி ஒயரை சொலினாய்டுக்குத் தொட்டு ஸ்டார்ட் ஆனால் பம்ப் குற்றமற்றது. இதுவும் வோல்டேஜ் டிராப்தான், ஆம்பியர்தான் கொஞ்சம்.

அடுத்தது ஏர். டேங்க் காலியாக ஓட்டினாலும் ஃபில்டர் மாற்றினாலும் டீசல் லைனில் காற்று புகும். அது தவிர, டேங்குக்கும் அதிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவில் உள்ள ஓஸ் உறிஞ்சும் பக்கம். அங்கே வெடிப்பு இருந்தால் எஞ்சின் ஓடும்போது டீசல் வெளியே ஒழுகுவதைவிடக் காற்று உள்ளே போவதுதான் நடக்கும். அதனால் ஈரம் தெரியாது. காலையில் ஸ்டார்ட் ஆகி ஒரு நிமிடத்தில் நின்றுபோவது இதன் கையெழுத்து. இரவில் டீசல் பின்னோக்கி டேங்குக்கு இறங்கிவிடும். ஃபீட் பம்புக்கு முன்னால் ஒரு சாண் நீளம் டீசல் தாங்கும் கண்ணாடி ஓஸ் தற்காலிகமாகப் போட்டுப் பாருங்கள், குமிழ் ஓடுவது கண்ணுக்கே தெரியும்.

ஏர் எடுக்க, ஃபில்டர் தலையில் உள்ள பிளீடிங் ஸ்க்ரூவை ஒன்றரைச் சுற்று தளர்த்தி, கைப் பம்பை அழுத்திக்கொண்டே இருங்கள். நுரை வரும், பிறகு குமிழ் கலந்த டீசல், பிறகு முழு டீசல். பம்பை அழுத்தி வைத்தபடியே ஸ்க்ரூவை இறுக்குங்கள். கையை விட்ட பிறகு இறுக்கினால் காற்று திரும்ப உள்ளே போகும். கைப் பம்பு கல் மாதிரி கெட்டியாகும்வரை மறுபடி அழுத்துங்கள். கெட்டியாகவே ஆகவில்லை என்றால் காற்று இன்னும் எங்கிருந்தோ வருகிறது, அல்லது டேங்கில் உறிஞ்சு குழாயின் வலை அடைத்திருக்கிறது.

இதற்கும் எடுக்காவிட்டால் இரண்டு நாசில்களின் பைப் நட்டுகளை ஒரு சுற்று தளர்த்தி செல்ஃப் அடியுங்கள். டீசல் துடித்துத் துடித்து வந்ததும் ஒவ்வொன்றாக இறுக்கினால், மற்ற சிலிண்டர்கள் தடுமாறிப் பற்றிக்கொண்டு எஞ்சின் பிடித்துவிடும். முகத்தையும் கையையும் விலக்கி வையுங்கள்; உயர் அழுத்த டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும், அப்படி நடந்தால் காயம் ஊசிமுனை அளவில் இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. காமன் ரயில் வண்டியில் இந்த நட்டுகளைத் தொடவே கூடாது, அங்கே அழுத்தம் 1000 பாரையும் தாண்டும்.

எஞ்சின் பிடித்ததும் தளர்த்திய நட்டுகளைத் துணியால் துடைத்துவிட்டு ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள். மறுபடி ஈரம் கசியும் நட்டுக்கு இன்னும் கால் சுற்று வேண்டும். பைப்பின் முனைக் கூம்பு நசுங்கியிருந்தால் எவ்வளவு முறுக்கினாலும் கசியும். அந்தப் பைப்பை மாற்றத்தான் வேண்டும்.